சிலுவைத்திட்டில் கோல்ஃப்

கடைசி வெள்ளைக்கார மேனேஜர் கப்பலேறியபோது, திருவொற்றியூர் கம்பெனிக்கு ஒரு சுழல் நாற்காலியையும் ஒரு பை நிறைய கோல்ஃப் மட்டைகளையும் விட்டுவிட்டுப் போனார். அடுத்து வந்த ஜெனரல் மேனேஜர் சங்கரநாராயணனுக்கு நாற்காலி ஒரே நாளில் பழகிவிட்டது. மட்டைதான் மசியவில்லை. ஃபவுண்டரி ஷெட்டுக்குப் பின்னால் சாயங்காலம் தோறும் நின்று வீசிப் பார்த்தார். முதல் பந்து டைம் ஆபீஸ் ஜன்னலை உடைத்தது. அடுத்தது கழிவு எண்ணெய்த் தொட்டியில் விழுந்து முங்கிப் போனது. ஷிப்ட் முடிந்து போகிற தொழிலாளிகள் சைக்கிளை நிறுத்தி, "பெரியவரு இன்னாத்த தொலச்சாரு, குச்சியால கெளறிகினு கீறாரு?" என்று அக்கறையோடு விசாரித்தார்கள்.

சங்கரநாராயணனுக்கு அது புரியவில்லை. அவர் பம்பாய் மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் அவருக்குத் தாய்மொழிதான். ஆனால் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் ஜனங்கள் பேசுவது வேறு ஏதோ பாஷை என்பது அவருடைய தீர்மானம். அதனால் கம்பெனியில் தமிழைத் தமிழில் மொழிபெயர்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆபீஸ் சூப்பிரண்டெண்ட் வால்டர் அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்துவந்தார்.

"என்ன சொல்றான் வால்டர்?"

"உங்க ஆட்டத்தப் பார்த்து ரொம்ப சந்தோஷப்படறான் சார்."

மொழிபெயர்ப்பில் வால்டர் கெட்டிக்காரர்.

பம்பாயில் இருந்த சேர்மனுக்குக் கோல்ஃப் என்றால் உயிர். கம்பெனியில் மேலே போனவர்கள் எல்லோரும் அவரோடு புல்லில் நடந்துதான் போனார்கள். வேலை செய்து மேலே போனவர் என்று ஒருவரையும் யாருக்கும் காட்டத் தெரியவில்லை. அந்தச் சேர்மன் பிப்ரவரியில் மெட்ராஸ் வருகிறார் என்று செய்தி வந்ததிலிருந்து சங்கரநாராயணனுக்குத் தூக்கம் போய்விட்டது. ஊருக்குள் ஆட வேண்டுமென்றால் க்ளப்பில் மெம்பராக வேண்டும். மெம்பராவதற்கு இன்னொரு ஜன்மம் எடுக்க வேண்டும். அந்தக் கவலையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு படம் கண்ணில் பட்டது. நீலக் கடல், கடலுக்கு நடுவில் தீவு, தீவில் ஒரு ரிசார்ட், அதைச் சுற்றிப் பச்சைப் புல், புல்லில் மட்டையோடு நாலு கனவான்கள்.

"இந்த மாதிரி ஒண்ணு நம்ம பக்கத்துல கிடையாதா வால்டர்?" என்று பெருமூச்சு விட்டார்.

வால்டர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் மேலதிகாரி பெருமூச்சு விட்டால் உடனே ஏதாவது எடுத்துக் கொடுக்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

"எண்ணூர் கழிமுகத்துக்கு அந்தாண்ட ஒரு தீவு இருக்கு சார். சிலுவைத்திட்டுன்னு பேரு. நல்ல சமதளம். உப்பு இலாகாக்காரங்க விட்டுட்டுப் போன பங்களாகூட ஒண்ணு இருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு சிநேகிதன் சொன்னான் சார்."

சிநேகிதனாவது மண்ணாவது. வால்டர் பிறந்ததே அந்தத் திட்டில்தான். அவருடைய அப்பா கட்டுமரம் தள்ளியவர், அம்மா கருவாடு காயவைத்தவள். பையன் நன்றாகப் படிக்கிறான் என்று பங்குச் சாமியார் அவரை ராயபுரத்து போர்டிங்கில் கொண்டுவந்து சேர்த்தார். அன்றிலிருந்து வால்டர் அந்த உப்பையும் செதிலையும் வாசனை சோப்பும் பவுடரும் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால், "ராயபுரம், சர்ச்சுக்குப் பக்கத்துலதான்" என்பார். சர்ச் எல்லோருக்கும் பக்கத்தில்தானே இருக்கிறது.

தேய்த்துக்கொண்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சங்கரநாராயணனின் கார் காசிமேட்டைத் தாண்டும்போதெல்லாம் அவர் ஓடிகோலன் சென்ட் தெளித்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வார். ஒருநாள் கைக்குட்டைக்குள்ளிருந்தே, "மீன்கார ஜனங்களை மேய்க்க ஆள் வேணும் வால்டர். அவாளையே மேய்ப்பனா வைக்க முடியுமோ?" என்று கேட்டார். "முடியாது சார்" என்றார் வால்டர். நிர்வாக அதிகாரி நாற்காலி அப்போது காலியாக இருந்தது. அதை வால்டருக்குத் தருவதாகச் சங்கரநாராயணன் பாதி வாயால் சொல்லியிருந்தார். மீதி வாய், சேர்மன் வந்து சந்தோஷமாகப் போன பிறகு திறக்கும்.

அந்த நாற்காலி கிடைத்தால் வால்டர் ஆபீசர்கள் சாப்பிடும் ஹாலுக்குள் போகலாம். அங்கே வெள்ளை மேஜைவிரிப்பு, பீங்கான் தட்டு, முள்கரண்டி. இருபது வருஷமாக அந்த ஹாலின் கதவு வரைக்கும் ஃபைலோடு போய்த் திரும்பியவர் அவர். அவருடைய மனைவி ஐரீன் ரயில்வே குடும்பத்தில் பிறந்தவள், முன்யோசனைக்காரி. மூர்மார்க்கெட்டில் முள்கரண்டி வாங்கிவந்து வீட்டிலேயே ஒத்திகையை ஆரம்பித்துவிட்டாள். வால்டர் தினமும் காலையில் இடியாப்பத்தை முள்கரண்டியால் துரத்திக்கொண்டிருந்தார்.

அப்படித் துரத்திக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அவருடைய அக்கா இருதயம்மாள் வாசலில் வந்து நின்றாள். கையில் வெற்றிலை பாக்குத் தட்டு, இடுப்பில் ஒரு கூடை. மகள் ஹில்டாவுக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது, நிச்சயத்துக்குத் தாய்மாமனை அழைக்க வந்திருந்தாள். ஐரீன் கதவைப் பாதி திறந்து, "அவரு வூட்டுல இல்ல, ஆபீஸ் விசயமா வெளியூர் போயிருக்காரு" என்றாள். வெளியூர் போனவர் குளியலறைக் கதவுக்குப் பின்னால் முள்கரண்டியும் கையுமாக நின்றிருந்தார். இருதயம்மாள் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு கூடையை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். கூடையில் நல்ல வஞ்சிரக் கருவாடு. அந்த வாசனையே ஆகாத ஐரீன் அதை இரண்டு நாள் குழம்பு வைத்துச் சாப்பிட்டாள்.

வால்டருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மறுநாள் இறங்கிவிட்டது.

கம்பெனியில் கோல்ஃப் கமிட்டி கூடியது. இரும்பு உருக்கும் கம்பெனி அவ்வளவு மூளையை இரும்புக்காக எப்போதும் செலவழித்ததில்லை. பதினெட்டுக் குழி வேண்டும் என்று தொடங்கினார்கள். திட்டின் நீள அகலத்தை விசாரித்தபின் அது ஒன்பதாகி, ஆறாகி, கடைசியில் மூன்றில் வந்து நின்றது. சேர்மன் அதையே திரும்பத் திரும்பச் சுற்றி வரட்டும் என்று தீர்மானம் ஆயிற்று. மணலில் புல் முளைக்காது என்பது அடுத்த பிரச்சினை. சூடான தேசங்களில் மணலில் எண்ணெய் ஊற்றி உருளை போட்டு இறுக்கிவிடுவார்கள் என்று சங்கரநாராயணன் எங்கோ படித்திருந்தார். கழிவு எண்ணெய்க்கு நம்மிடம் பஞ்சமா? முங்கிப்போன அவருடைய பந்துகூட அதோடு சேர்ந்து திட்டுக்குப் போகலாம்.

குழிக்குப் பக்கத்தில் நடும் கொடிக்குத்தான் அரை நாள் ஆயிற்று. சிவப்புக் கொடி என்றால் யூனியன்காரர்கள் நம்முடையது என்பார்கள். கறுப்பும் சிவப்பும் சேர்ந்தால் ஒரு கட்சி, மூவர்ணம் என்றால் இன்னொரு கட்சி, பச்சை என்றால் அதற்கும் ஒரு கட்சி இருந்தது. வெள்ளைக் கொடி என்று முடிவானது. சேர்மன் வந்து இறங்கும்போது கம்பெனி சரணடைந்துவிட்ட மாதிரி இருக்குமே என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வௌவால் குடியிருந்த உப்பு பங்களாவுக்கு வெள்ளையடித்து 'ஸீ வியூ ரிசார்ட்' என்று பலகை எழுதக் கொடுத்தார்கள்.

நாள் குறிக்கும் பொறுப்பு வால்டரிடம் வந்தது. சேர்மனின் விமானம், கழிமுகத்தில் வெள்ளம் ஏறி இறங்கும் நேரம் எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்து ஒரு திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். சங்கரநாராயணன் முதுகில் தட்டிக்கொடுத்தார். இத்தனையும் முடிந்த பிறகுதான், அந்தத் திட்டில் மனிதர்கள் வசிக்கிறார்கள், அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம் என்று கமிட்டிக்கு உதித்தது. அந்தத் திங்களுக்கு அப்போது ஒரு வாரம்தான் பாக்கி.

"நீங்க வாங்கோ வால்டர். அவா பேசறது எனக்குப் புரியாது" என்றார் சங்கரநாராயணன்.

வால்டர் பெரிய தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து புறப்பட்டார். இத்தனை வருஷத்தில் தொந்தி போட்டிருக்கிறது, முடி கொட்டியிருக்கிறது, யாருக்கு அடையாளம் தெரியப்போகிறது என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டே போனார். எண்ணூர்த் துறையில் படகில் ஏறும்போது அவருடைய கால் தானாகப் படகின் நடுப்பலகையைத் தேடி, ஆட்டம் இல்லாமல் பதிந்தது. படகுக்காரன் சட்டென்று அவருடைய காலைப் பார்த்தான், பிறகு முகத்தைப் பார்த்தான். வால்டர் உடனே தடுமாறி, "ஐயோ" என்று கத்தி, சங்கரநாராயணன் மேலேயே விழுந்துவைத்தார். "பார்த்து, பார்த்து, பழக்கமில்லையோன்னோ" என்று அவர் பரிவோடு தாங்கிக்கொண்டார். படகுக்காரன் கோலை ஊன்றினான்.

திட்டில் முதல் குழி வரவேண்டிய இடத்தில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. இரண்டாவது குழி வரவேண்டிய இடத்தில் மாவிலை கட்டிய பந்தல்கால்கள் வரிசையாக நட்டிருந்தன. மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். இருதயம்மாள். அவளுடைய கண் தொப்பியையும் கண்ணாடியையும் ஒரு தடவை சுற்றி வந்தது. பிறகு அவள் குனிந்து மீனைப் புரட்ட ஆரம்பித்தாள். வால்டர் சங்கரநாராயணனின் தலைக்கு மேல் பிடித்துவந்த குடையைத் தன் முகம் மறையும் அளவுக்குத் தாழ்த்திக்கொண்டார்.

ஊர்த் தலைவரான நாட்டார் சவரிநாதன் வந்தார். சின்ன வயதில் வால்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அலையில் முக்கியெடுத்தவர். அவர் வால்டரைப் பார்த்து, "வாங்க சார்" என்று கும்பிட்டார். பின்னால் வந்து நின்ற ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் அதே மாதிரி கும்பிட்டார்கள். யாருக்குமே அடையாளம் தெரியவில்லை. மாதா கேட்டதைக் கொடுத்துவிட்டாள். 

சங்கரநாராயணன் சுருக்கமாகத்தான் பேசினார். வருகிற திங்கட்கிழமை சேர்மன் இங்கே பந்தாட வருகிறார், ரிசார்ட்டுக்குக் குடிதண்ணீர் வேண்டும், அதற்காகக் கம்பெனி ஆழமாகக் கிணறு இறக்கிக் கைப்பம்பு போடப்போகிறது, ஆட்டம் முடிந்தபின் அந்தத் தண்ணீர் ஊருக்கே சொந்தம். கூட்டத்தில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திட்டில் தோண்டினால் உப்புத் தண்ணீர்தான். குடிக்க ஒரு குடம் வேண்டுமென்றால் படகேறி எண்ணூருக்குப் போய் வரவேண்டும்.

"தண்ணி குடுக்கறீங்க, ரொம்ப சந்தோசம் சார்" என்றார் சவரிநாதன். "ஆனா நீங்க சொல்ற அந்தத் திங்கக்கெயம இந்த இருதயம்மா பொண்ணுக்குக் கண்ணாலம் கீது. கோயில்ல மூணு ஞாயிறும் கண்ணால ஓலை வாசிச்சாச்சு. பந்தக்காலு நட்டாச்சு. ஊர்ல கீறதே இந்த ஒரு மேட்டு நெலந்தான்."

"என்ன சொல்றார்?"

வால்டர் சொன்னார். ஹில்டாவின் கல்யாணம் என்று நாக்கு வரை வந்ததை, "யாரோ ஒரு பொண்ணுக்குக் கல்யாணமாம் சார்" என்று மாற்றிச் சொன்னார்.

"அடுத்த வாரம் வெச்சுக்கச் சொல்லுங்கோ."

"புதங்கெயம விபூதி புதன் சார். அப்பால தபசு காலம். நாப்பது நாளைக்கிச் சாமியாரு தாலி எடுத்துக் குடுக்க மாட்டாரு. ஈஸ்டர் முடிஞ்சுதான் நாள் வரும்" என்றார் சவரிநாதன்.

ஞாயிறு தவறாமல் முன்பெஞ்சில் முழங்காலிடுகிறவர் வால்டர். விமானத்தைப் பார்த்தார், வெள்ளத்தைப் பார்த்தார், தபசு காலம் என்று ஒன்று இருப்பதையே மறந்துபோனார். அதற்கு முந்தின கடைசித் திங்களில்தான் ஊர் பூராவும் கல்யாணம் வைக்கும் என்பது ஒரு காலத்தில் அவருக்கு அத்துபடி.

"நாள மாத்துறதுன்னா பொண்ணோட தாய்மாமன் வந்து சரின்னு சொல்லணும் சார்" என்றார் சவரிநாதன், கடலைப் பார்த்துக்கொண்டே. "பெத்தவங்ககூட மாத்த முடியாது. அது எங்க ஊர்க் கட்டு."

ஊரே வேறு வேறு பக்கம் பார்த்தது. ஒருவர் வானத்தை, ஒருவர் பங்களாவை, ஒருவர் தன் கால் விரலை. வால்டரைப் பார்க்காமல் இருப்பதற்கு அவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

"இவ்வளவுதானா!" என்று சிரித்தார் சங்கரநாராயணன். "தாய்மாமன் எங்க இருக்கார்? ஜீப் அனுப்பறேன். கன்னியாகுமரியில இருந்தாலும் தூக்கிண்டு வந்துடலாம்."

தாய்மாமன் அவர் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு நின்றார். 'நான்தான் சார்' என்று சொன்னால் போதும். ஹில்டாவின் கல்யாணம் அதே நாளில் நடக்கும், சேர்மன் வேறு எங்காவது போய்ப் பந்தடிப்பார். சொல்ல நினைத்தார் வால்டர், நிஜமாகவே நினைத்தார். வாய்கூடத் திறந்தது. அப்போது சங்கரநாராயணன் மீன் வாசனை தாங்காமல் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். திறந்த வாய் மூடிக்கொண்டது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட பயம் பெரிதாக இருந்தது.

"கேளுங்கோ வால்டர்."

வால்டர் தொண்டையைச் செருமினார். கூடப் பிறந்த அக்காவைப் பார்த்து, "ஏம்மா, பொண்ணோட தாய்மாமன் எங்க இருக்காரு?" என்று கேட்டார்.

இருதயம்மாள் எழுந்தாள். கையிலிருந்த செதிலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவருடைய கறுப்புக் கண்ணாடியை நேராகப் பார்த்தாள்.

"தாய்மாமன் இல்ல சார். செத்துப்பூட்டாரு."

சவரிநாதன் மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"என்ன சொல்றா?"

மாதுங்காக்காரருக்கும் புரிகிற தமிழ்தான் அது. ஆனால் வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே.

"காலமாயிட்டாராம் சார்."

"யாரு?"

"பொண்ணோட தாய்மாமன்."

"அடப் பாவமே. எப்போ?"

"ரொம்ப நாளாச்சு சார்" என்றாள் இருதயம்மாள். "மெட்ராசுக்குப் படிக்கப் போனாரு. அங்கியே பூட்டாரு. கல்லறத் திருநா அன்னிக்கு மெயுகுவத்தி கொளுத்திகினுதான் கீறோம்."

வால்டர் அதையும் மொழிபெயர்த்தார். "நல்லாப் படிச்சவராம் சார். ரொம்பக் கெட்டிக்காரராம்." அவள் சொல்லாததைத் தானாகவே சேர்த்துக்கொண்டார். தன் மரணச் செய்தியில்கூட ஒரு மார்க் அதிகம் போட்டுக்கொள்ளாமல் இருக்க அவரால் முடியவில்லை.

சங்கரநாராயணன் மோசமான மனிதர் இல்லை. அவருக்கு உண்மையாகவே மனது இளகிவிட்டது. தொப்பியைக் கழற்றி, "அந்த ஆத்மாவுக்காக ஒரு நிமிஷம் நிப்போம்" என்றார். ஊர் முழுக்கத் தலை குனிந்து நின்றது. வால்டரும் குடையை மடக்கினார், தொப்பியைக் கழற்றினார், வழுக்கையில் வெயில் உறைக்கத் தலை குனிந்து நின்றார். தன் ஆத்துமா சாந்திக்குத் தானே நின்ற கத்தோலிக்கர் ராயபுரம் பங்கில் வேறு யாரும் இருக்க முடியாது. காற்றில் மாவிலைகள் சலசலத்தன. பக்கத்துக் குடிசைக்குள் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். அது ஹில்டாவாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. கைக்குழந்தையாகப் பார்த்ததுதான், குரல் எப்படி இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நிமிஷம் முடிந்தது. சவரிநாதன் தொண்டையைக் கனைத்தார். "தாய்மாமன் இல்லாத பொண்ணுக்கு ஊருதான் தாய்மாமன். ஊரு சொல்லுது, ஈஸ்டர் முடிஞ்சு வச்சுக்கலாம். இன்னாம்மா?"

"ஆவட்டும்" என்றாள் இருதயம்மாள். "புள்ளைங்க நல்ல தண்ணி குடிக்கட்டும்."

சங்கரநாராயணனுக்குத் தலைகால் புரியவில்லை. "பிரமாதம் வால்டர். இவாளோட பேச உங்களுக்குத்தான் தெரியறது. சேர்மன்கிட்ட நானே சொல்றேன், புதன்கிழமை ஆர்டர் டைப் ஆயிடும்" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, பங்களாவைப் பார்க்க நாட்டாரோடு நடந்தார். ஊரும் அவர் பின்னால் போயிற்று. மணலில் வால்டரும் இருதயம்மாளும் நெத்திலியும் மட்டும் மிஞ்சினார்கள்.

வால்டர் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றியது அவளுக்குத் தெரிய வேண்டும் என்று இன்னும் இரண்டடி கிட்டே போனார்.

"அக்கா."

அவள் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாந்தான். கல்யாணம் இந்தத் தேதியிலன்னு எனக்குத் தெரியாதுக்கா. மாதா சத்தியமாத் தெரியாது."  எத்தனையோ வருஷமாகப் பூட்டிவைத்திருந்த திட்டுப் பேச்சு தானாக வெளியே வந்தது. "அன்னிக்கு நீ வந்தப்போ நா வூட்டுலதான் இருந்தேன். உள்ள நின்னுகினு கேட்டுகினு இருந்தேன்."

"தெரியும் சார்" என்றாள் அவள், தலை நிமிராமல். "கதவு சந்துல கால் தெரிஞ்சுது."

 அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வைதானா என்று பார்க்க அவருக்குத் துணிச்சல் இல்லை.

"சத்தமாப் பேசாதீங்க சார். உள்ள கண்ணாலப் பொண்ணு கீறா. செத்தவங்க கொரல் கேட்டா பயந்துக்குவா."

பங்களாப் படியிலிருந்து சங்கரநாராயணன் கைதட்டிக் கூப்பிட்டார். "வால்டர்! அந்தப் பந்தல்காலைப் பிடுங்க வேண்டாம்னு சொல்லுங்கோ. மேலே ஓலை போட்டுட்டா, சேர்மன் அதுக்கடியில உக்காந்து லஞ்ச் சாப்பிடலாம்!"

அது அவளுக்கும் கேட்டது. மொழிபெயர்க்க அதில் ஒன்றும் இல்லை. வால்டர் பந்தல்கால்களைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா," என்றார், "பந்தக்கால் அப்படியே இருக்கட்டுமாம்."

"சரி சார்" என்றாள் இருதயம்மாள்.